கடவுள் துகளும் அனாமத்துக் கணக்கும்

ஒவ்வொரு ஆண்டும் ஜூலை மாதம் பிறந்தால் போதும், நம் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்துவிடும். ஒரு பக்கம் நடராஜர் சிலை, மறு பக்கம் பிரம்மாண்டமான வட்டக் குழாய். கீழே, ‘கடவுள் துகளைக் கண்டுபிடித்த நாள். நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று எழுதியிருக்கும். பத்துப் பேர் கை கூப்புவார்கள். நாலு பேர் வேறு குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது.

அத்தோடு முடிந்துபோகிறதே, அதுதான் என் சண்டை. சாமியோடு எனக்குச் சண்டை இல்லை. பத்ரகாளியம்மன் தேருக்கு வடம் பிடித்த கை இது. ஆனால் ஒரு பெரிய கணக்கு தீராமல் கிடக்கும்போது, அதன்மேல் கடவுள் பெயரை ஒட்டி, ‘பைசல்’ என்று முத்திரை குத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்தப் பெயரின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். ‘கடவுள் துகள்’ என்பது எந்த வேதத்திலும் இல்லை. லியோன் லெடர்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1993-ல் எழுதிய ஒரு பிரபலப் புத்தகத்தின் தலைப்பு அது. எவ்வளவு தேடியும் அகப்படாத துகள் என்பதால் வசைச்சொல்லாகவே பெயர் வைத்திருக்கலாம், பதிப்பாளர் விடமாட்டார் என்று அவரே அதில் கேலியாக எழுதியிருக்கிறார். பத்திரிகைக்காரர்களுக்கு அது வெல்லமாகிவிட்டது. பிரெஞ்சுப் பத்திரிகைகளும் ‘பார்த்திக்யூல் த தியு’ என்று எழுதின. விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் இந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பீட்டர் ஹிக்ஸுக்கே அது பிடித்ததில்லை. அவர் நாத்திகர்.

ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை இருப்பது உண்மை. இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. 2004 ஜூன் 18 அன்று திறந்தார்கள். ஹிக்ஸ் துகள் கிடைத்ததாக அறிவித்தது 2012 ஜூலை 4. சிலை வந்து எட்டு வருஷம் கழித்து. துகளைக் கண்டதும் அதிசயித்துப்போய் வெள்ளைக்காரன் சிலை வைத்தான் என்று வரும் செய்தி, தேதியைப் பார்த்தாலே நிற்காது. இரண்டு நாடுகளின் நட்புக்கு அடையாளமாக ஒரு அழகான சிலை அங்கே நிற்கிறது. அதற்குச் சந்தோஷப்படலாம். அதை ஆதாரப் பத்திரம் ஆக்கக் கூடாது.

‘ஒரு குமாஸ்தாவுக்கு எதுக்கய்யா பௌதிகம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் பள்ளிப்படிப்பு முடித்தவன். அப்பா போனபின் அம்மா ஊரான மேச்சேரிக்கு வந்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, கருவூலத்தில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். விஞ்ஞானி இல்லை. ஆனால் இந்த விஷயத்தின் அடிமடியில் இருப்பது ஒரு கணக்கு. தீராத பாக்கி ஒன்றைத் தீர்ந்ததாகக் காட்டினால் மூக்கில் வேர்க்கும் ஜாதி நான்.

கணக்கு என்ன என்று சொல்கிறேன். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு எதிர்த்துகள் உண்டு. எலக்ட்ரானுக்குப் பாசிட்ரான். நிறை ஒன்றே, மின்னேற்றம் மட்டும் நேர் எதிர். இரண்டும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து ஒளியாகிவிடும். பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த கடும் வெப்பத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிக்குச் சரி உண்டாகியிருக்க வேண்டும். வரவும் செலவும் ஒரே தொகை. அப்படியானால் கணக்கு நேராகி, மிச்சம் பூஜ்யம், வெறும் ஒளிதான் இருந்திருக்க வேண்டும். நீங்களும் நானும் மேட்டூர் அணையும் இருக்கவே கூடாது.

ஆனால் இருக்கிறோம். அப்படியென்றால் எங்கோ வித்தியாசம் விழுந்திருக்கிறது. எவ்வளவு? நூறு கோடி எதிர்த்துகளுக்கு எதிரே நூறு கோடியே ஒன்று என்ற அளவில் துகள்கள் இருந்திருக்கின்றன. நூறு கோடியும் நூறு கோடியும் அழிந்தன. மிஞ்சிய அந்த ஒன்றுதான் சூரியன், சந்திரன், சேர்வராயன் மலை, நாம் எல்லோரும்.

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வித்தியாசம் ஒரு ரூபாய் என்றாலும், ஒரு லட்சம் என்றாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். காரணம் தெரியும்வரை அதை அனாமத்துக் கணக்கில் வைப்பார்கள். அனாமத்தில் வைப்பது தவறில்லை. அதை அங்கேயே புதைத்துவிட்டு ஆண்டுக் கணக்கை மூடினால் தவறு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பழைய ஆள் ஒருவர் பதின்மூன்று ரூபாய் சொச்சத்தை அப்படியே வருஷா வருஷம் கொண்டுவந்து, கேட்டால் ‘அது சாமி கணக்கு, தொடாதே’ என்பார். தணிக்கைக்காரர் வந்து கிழித்தபோது சாமி வரவில்லை. ‘கடவுள் துகள்’ என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டுப் போவது, பிரபஞ்சத்தின் வித்தியாசத்தை இப்படிச் சாமி கணக்கு ஆக்குவதுதான்.

சரி, இந்த வித்தியாசத்தை எழுபது வருஷமாகத் தோண்டுகிறவர்கள் எதைத் தோண்டுகிறார்கள்? சமச்சீரை. நம் ஊரில் சமச்சீர் என்றால் சமச்சீர்க் கல்வி ஞாபகம் வரும். இங்கே அர்த்தம் வேறு. ஒன்றை மாற்றினாலும் மாறாமல் இருப்பது சமச்சீர். வாசலில் போட்ட நட்சத்திரக் கோலத்தைக் கண்ணாடியில் பார்த்தாலும் அதே கோலம். அது சமச்சீர். சங்கைக் கண்ணாடியில் பாருங்கள். இடம்புரி, வலம்புரி ஆகிவிடும். அங்கே சமச்சீர் இல்லை.

பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் எங்களுக்கு லூயி பாஸ்டர்தான் கதாநாயகர். வெறிநாய்க்கடி மருந்துக்கு முன்னால், 1848-ல், இருபத்தைந்து வயதில், திராட்சை ரசத்திலிருந்து கிடைக்கும் ஒருவகை அமிலத்தின் உப்புப் படிகங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, இடம்புரி, வலம்புரி என்று கையாலேயே இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்று ஒளியின் அதிர்வுத் தளத்தை இடப்புறம் திருப்பியது, மற்றது வலப்புறம். உயிருள்ளவை அநேகமாக ஒரு கைப்பக்கத்தையே விரும்புகின்றன என்ற சேதி அங்கிருந்து தொடங்கியது. பிறகு 1894-ல் பியேர் கியூரி ஒரு கட்டுரையில், சமச்சீர் குலைந்தால்தான் உலகில் ஒரு நிகழ்ச்சியே உண்டாகும் என்ற பொருளில் எழுதினார். எல்லாம் சமமாக இருந்தால் எதுவுமே நடக்காது. தராசுத் தட்டு இரண்டும் நேராக நின்றால் முள் அசையாது. நான் படித்த பாடங்களில் இன்றைக்கும் மறக்காதது இதுதான்.

ஆனால் அணுவுக்குள் இருக்கும் அடிப்படை விதிகளே கைப்பக்கம் பார்க்கும் என்று 1956 வரை யாரும் எண்ணவில்லை. அந்த ஆண்டு லீ, யாங் என்ற இரண்டு இளம் சீனர்கள், ‘கதிரியக்கத்துக்குக் காரணமான மென்விசையில் இதை யாரும் சோதித்ததே இல்லையே’ என்று கேட்டார்கள். வூ என்ற சீனப் பெண்மணி கோபால்ட் அணுக்களைக் கடுங்குளிரில் ஒரே பக்கமாகச் சுழல வைத்து, வெளிவரும் எலக்ட்ரான்களை எண்ணினார். இரு பக்கமும் சமமாக வரவில்லை. ஒரு பக்கம் அதிகம். இயற்கைக்கு இடது வலது தெரியும்! நியூட்ரினோக்கள் எல்லாம் இடம்புரி, எதிர் நியூட்ரினோக்கள் எல்லாம் வலம்புரி. 1957-லேயே லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சோதனை செய்த அம்மையாருக்கு இல்லை.

இங்கே நம் பக்கத்து ஆள் ஒருவர் வருகிறார். கோட்டயம் பக்கம் பள்ளத்தில் பிறந்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஜார்ஜ் சுதர்சன். மென்விசை இப்படி இடம்புரியாக மட்டும் வேலை செய்வதற்கான விதியை 1957-ல் தன் ஆசிரியர் மார்ஷக்குடன் சேர்ந்து வகுத்தவர் அவர். மறு வருஷம் ஃபெயின்மனும் கெல்-மேனும் அதையே வெளியிட்டார்கள், புகழ் அவர்கள் பக்கம் சாய்ந்தது. பிற்பாடு சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்குச் சுதர்சன் இயக்குநராகவும் இருந்தார். நம் வாட்ஸ்அப் குழுவில் இவர் படம் ஒருநாளும் வந்ததில்லை.

கதை தொடர்கிறது. கண்ணாடியில் மட்டும் பார்த்தால்தானே தவறுகிறது, கண்ணாடியிலும் பார்த்து, துகளுக்குப் பதில் எதிர்த்துகளையும் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொன்னார்கள். இடம்புரி நியூட்ரினோவைக் கண்ணாடியில் காட்டி எதிர்த்துகளாக மாற்றினால் வலம்புரி எதிர் நியூட்ரினோ. சரிதானே? அந்தச் சமாதானம் 1964-ல் போயிற்று. கேயான் என்ற துகளை வைத்து குரோனினும் ஃபிட்சும் அமெரிக்காவில் செய்த சோதனையில், ஆயிரத்தில் இரண்டு என்ற அளவில் இந்த இரட்டைச் சமச்சீரும் மீறப்பட்டது. ஆயிரத்தில் இரண்டுதானே என்று கடந்துபோகவில்லை. ஒரு சோதனைக்கூடம் இல்லை, பல கூடங்கள் சரிபார்த்தன.

இது ஏன் பெரிய விஷயம் என்பதை 1967-ல் ருஷ்ய விஞ்ஞானி சகாரோவ் சொன்னார். பொருள் மிஞ்ச வேண்டுமானால் மூன்று நிபந்தனை வேண்டும். என் பாஷையில் சொல்கிறேன். ஒன்று, பேரேட்டில் வித்தியாசம் விழ வழி இருக்க வேண்டும். இரண்டு, வரவுப் பக்கத்தையும் செலவுப் பக்கத்தையும் இயற்கை ஒரே மாதிரி நடத்தக் கூடாது, அதாவது அந்த இரட்டைச் சமச்சீர் மீறப்பட வேண்டும். மூன்று, விழுந்த வித்தியாசத்தை மறுபடி சரிக்கட்ட அவகாசம் இல்லாதபடி காரியம் மளமளவென்று நடக்க வேண்டும்.

இப்போது ஹிக்ஸுக்கு வருவோம். முதலில் பெயர் விவகாரம். 1964-ல் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆங்லேரும் பிரூட்டும் எழுதிய கட்டுரைதான் முதலில் வெளிவந்தது. ஹிக்ஸுடையது சில வாரம் கழித்து. பிரூட் 2011-ல் காலமானார். 2013-ல் ஆங்லேருக்கும் ஹிக்ஸுக்கும் பரிசு கிடைத்தது. ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் மற்றவர்கள் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அவர்கள் சொன்னது என்ன? விதிகள் சமச்சீராகவே இருக்கலாம், இயற்கை உட்கார்ந்த இடம் சமச்சீராக இல்லாமல் போகலாம். நெட்டுக்குத்தலாக நிறுத்திய உலக்கை எந்தப் பக்கமும் விழலாம். ஆனால் விழுந்த பிறகு ஒரு பக்கம்தான். வெளி முழுவதும் நிறைந்திருக்கும் ஒரு புலம் இப்படி ஒரு நிலையில் விழுந்துவிட்டது, அதோடு உறவாடும் துகள்கள் நிறை பெற்றன. ஹிக்ஸ்தான் எல்லாவற்றுக்கும் எடை தருகிறது என்பதும் மிகை. நம் உடம்பின் எடையில் அதன் பங்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான். மீதி அணுக்கருவுக்குள் அடைபட்ட சக்தி.

இதில் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஹிக்ஸ் புலத்துக்கு நான்கு கூறுகள். மூன்றை மென்விசையைச் சுமக்கும் மூன்று துகள்கள் எடுத்துக்கொண்டு பருத்துவிட்டன. நாலில் மூன்று போனால் மிச்சம் ஒன்று. அந்த ஒன்றைத்தான் 2012-ல் கண்டார்கள். புரோட்டானைப் போல 133 மடங்கு நிறை.

உடனே எல்லோரும் ‘முடிந்தது’ என்றார்கள். முடியவில்லை ஐயா! பொருள் மிஞ்சிய கணக்கு இந்த ஒற்றை ஹிக்ஸால் நேராகவில்லை. குவார்க்குகள் மூன்று குடும்பமாக இருந்தால் இரட்டைச் சமச்சீர் மீறல் தானே வரும் என்று கோபயாஷியும் மாஸ்கவாவும் 1973-ல் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் பார்த்த மீறலுக்கு அது பொருந்தியது, 2008-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பிரபஞ்சத்தின் அனாமத்துத் தொகைக்கு அதைப் போட்டுப் பார்த்தால் கோடியில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. சகாரோவின் மூன்றாவது நிபந்தனையும் இடிக்கிறது. தண்ணீர் கொப்புளித்துக் கொதிப்பது போல அந்த மாற்றம் நடந்திருக்க வேண்டும். கண்ட ஹிக்ஸின் நிறையை வைத்துப் பார்த்தால், அது நெய் இளகுவது போலச் சாவகாசமாக நடந்திருக்கிறது.

அதே 1973-ல், முன்பு சொன்ன அந்த லீ, இன்னொரு வழி சொன்னார். ஹிக்ஸ் ஒன்றுதான் என்று யார் சொன்னது? இரண்டு இருக்கட்டுமே! இரண்டு இருந்தால் என்ன ஆகும்? வீட்டில் ஒரே ஒரு கடிகாரம் இருந்தால் அது காட்டுவதே நேரம். அது தப்பு என்று சொல்ல ஆளில்லை. இரண்டாவது கடிகாரம் வந்தால்தான் ‘இது அதைவிடப் பத்து நிமிஷம் முந்துகிறது’ என்ற பேச்சே வரும். ஒரே ஹிக்ஸ் புலம் இருந்தால் அதன் உள்முள் எந்தப் பக்கம் காட்டினாலும் அதையே பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு புலம் இருந்தால் அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மறைக்க முடியாது. கண்ணாடியில் காட்டி எதிர்த்துகளாக மாற்றினால், ‘பத்து நிமிஷம் முந்துகிறது’ என்பது ‘பத்து நிமிஷம் பிந்துகிறது’ என்று ஆகிவிடும். விதிப்படி இரண்டுமே சமம். உலக்கை போல இயற்கை ஏதோ ஒன்றில் விழுந்தது. சமச்சீர் அங்கே முறிந்தது. இரண்டு புலம் என்றால் கூறுகள் எட்டு. மூன்று போக மிச்சம் ஐந்து. ஒன்றைப் பார்த்தாகிவிட்டது. இந்த யோசனை சரியென்றால் இன்னும் நாலு துகள் எங்கோ இருக்க வேண்டும். மாற்றமும் நெய்யாக இல்லாமல் கொதிநீராக நடக்க இதில் இடமுண்டு. 1976-ல் வைன்பெர்க் மூன்று ஹிக்ஸ் வைத்துப் பார்த்தார்.

இனி நம் ஊர்ச் சங்கதி. 2001-ல், தரமணி கணித அறிவியல் நிறுவனத்துப் பேராசிரியர் ஜி. ராஜசேகரன், கலிபோர்னியாவின் எர்னஸ்ட் மா என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நியூட்ரினோக்கள் மூன்று குடும்பமாக இருப்பது ஏன், ஒன்று இன்னொன்றாக மாறுவது எப்படி என்பது கேள்வி. அவர்கள் பிடித்துக்கொண்டது நான்முகியின் சமச்சீரை. நாலு எலுமிச்சம்பழத்தை, மூன்று கீழே, ஒன்று மேலே அடுக்கினால் வரும் வடிவம் நான்முகி. அதைப் பன்னிரண்டு விதமாகத் திருப்பினாலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கணக்கியலார் அதை ஏ4 என்பார்கள். மூன்று குடும்பங்களையும் இந்தத் திருப்பல்களில் ஒன்றோடு ஒன்று பிணைத்தார்கள். அதற்கு ஒரு ஹிக்ஸ் போதவில்லை. மூன்று ஒரு தொகுதியாகவும் ஒன்று தனியாகவும் வைத்து, அந்தச் சமச்சீரை மென்மையாக முறித்தார்கள். உலகம் முழுவதும் அந்த ஏ4 வழியைப் பின்பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்தன. தரமணியிலிருந்து ஒருவர் தொடங்கி வைத்த பாதை!

அந்தப் பாதை வெற்றிக் கொடியோடு முடிந்தது என்று நான் சொல்லவில்லை. ஏ4-ஐ வைத்துப் பிறகு கட்டிய எளிய மாதிரிகள், நியூட்ரினோ கலப்புக் கோணங்களில் ஒன்று பூஜ்யம் என்றன. 2012 மார்ச்சில் சீனாவின் தாயா பே சோதனை, பூஜ்யம் இல்லை, ஏறத்தாழ எட்டரைப் பாகை என்று அளந்து சொல்லிவிட்டது. யாரும் அளந்தவனைத் திட்டவில்லை. ‘எங்கள் முன்னோர் பூஜ்யம் என்றார்கள்’ என்று வாதாடவில்லை. மாதிரியைத் திருத்தினார்கள். அளவுகோல் வந்ததும் தன் சொல்லைத் திருத்திக்கொள்ளும் இந்தக் குணத்தைத்தான் நாம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ‘அன்றே சொன்னார்கள்’ என்பவரால் எதையும் திருத்த முடியாது. ஏனென்றால் அவர் எண் எதையும் சொல்வதே இல்லை. சொல்லாத எண்ணை எந்தத் தணிக்கையாலும் சரிபார்க்க முடியாது.

நியூட்ரினோ என்றதும் உங்களுக்குத் தேனி ஞாபகம் வரும். பொட்டிப்புரம் மலைக்குள் ஐம்பதாயிரம் டன் காந்த இரும்பு வைத்து நியூட்ரினோவை ஆராயும் திட்டத்துக்கு ராஜசேகரனும் குரல் கொடுத்தவர். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, பிறகு வழக்குகளில் மாட்டிக்கொண்டது. மலை, காடு, நீர் பற்றிய கேள்விகள் கேட்க வேண்டியவைதான், கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நியூட்ரினோவே நம்மைச் சுட்டுவிடும் என்று பயம் கிளப்பினார்களே, அதை ஏற்க முடியாது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது. இதைப் படிக்கும்போதும்தான். தெரியாததைக் கண்டு கும்பிடுவதும் தெரியாததைக் கண்டு நடுங்குவதும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம்.

அடுத்தது, ‘இதெல்லாம் சோறு போடுமா?’ என்ற கேள்வி. இந்தக் கேள்வியால் ஒரு பிள்ளையின் படிப்பு திசைமாறியதைப் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். பிளஸ் டூவில் இயற்பியலில் நல்ல மார்க். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன் என்றது. வீட்டில் கூடியிருந்த பெரியவர்கள், நம் வயசுக்காரர்கள்தான், ‘கடவுள் துகளையே கண்டுபிடிச்சாச்சு, இனி நீ என்ன கண்டுபிடிக்கப் போறே?’ என்றார்கள். சிரித்தார்கள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. ‘இன்னும் நாலு துகள் பாக்கி இருக்கலாம் கண்ணு, ஒண்ணுதான் கிடைச்சிருக்கு’ என்றேன். என் பேச்சு எடுபடவில்லை. கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. அப்பன் படும் பாட்டுக்கு வேலை கிடைக்கும் படிப்பைத் தேடுவதிலும் தவறில்லை. ஆனால் ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று ஒரு பொய்யைச் சொல்லி மறித்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

சோறு போடுமா என்பதற்குப் பதிலும் இருக்கிறது. நீங்கள் அந்த நடராஜர் படத்தைத் தள்ளிவிடுகிறீர்களே, அந்த இணையத்தின் வலை 1989-ல் அதே செர்ன் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட திட்டம். புற்றுநோய் எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேன், பாசிட்ரானை வைத்துத்தான் படம் எடுக்கிறது. எதிர்ப்பொருள், நம் நோயாளிகளின் உடம்பில் தினமும் வேலை செய்கிறது. 1928-ல் டிராக் என்பவர் காகிதத்தில் ஒரு சமன்பாடு எழுதியபோது யாருக்காவது ஸ்கேன் ஞாபகம் வந்திருக்குமா? ஆனாலும் இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. நாம் ஏன் இருக்கிறோம் என்று கேட்பதற்குச் சோறு சாட்சி சொல்ல வேண்டியதில்லை. திருவிழாவுக்கும் தேருக்கும் சோறு சாட்சி கேட்கிறோமா?

கடைசியாக ஒரு ஆட்சேபணை. இது கனமானது, இதை மதிக்கிறேன். 2012-க்குப் பிறகு இத்தனை வருஷமாகத் தேடியும் இரண்டாவது ஹிக்ஸ் ஒன்றும் கிடைக்கவில்லையே, வெறும் காகிதக் கற்பனைக்கு இத்தனை செலவா என்கிறார்கள். கிடைக்கவில்லை என்பது உண்மை. எலக்ட்ரானில் மின்னேற்றம் சிறிதளவு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அது இத்தகைய மீறலுக்குத் தடயம். 2018-லும் 2023-லும் அமெரிக்காவில் அதை அளந்தார்கள். ஒரு சென்டிமீட்டரைப் பத்தால் இருபத்தொன்பது தடவை வகுத்தால் வரும் நீளம் அளவுக்குக்கூட ஒதுங்கவில்லை. பல மாதிரிகள் இதனால் அடிபட்டுப் போயின.

ஆனால் அரசு அலுவலகத்தில் இருந்தவர்களே, சொல்லுங்கள், இன்மை அறிக்கை அறிக்கை இல்லையா? மாதாமாதம் ‘இன்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினோமே, அதை அனுப்பாமல் விட்டால் குறிப்பாணை வந்ததே! இந்த இடத்தில் இல்லை, இந்த நிறைக்குக் கீழே இல்லை என்று எழுதிவைப்பதும் கணக்கில் ஒரு பதிவு. தேடும் இடம் அதனால் குறுகுகிறது. கூடவே வரவும் விழுகிறது. புரோட்டான் வகைத் துகள்களிலும் இந்த இரட்டைச் சமச்சீர் மீறல் உண்டு என்று செர்ன் கூடத்தின் ஒரு சோதனை முதல்முறையாக 2025-ல் காட்டியது. அறுபது வருஷம் வேறு வகைத் துகள்களில் மட்டுமே பார்த்தது அது. அனாமத்துத் தொகைக்கு இதுவும் போதாது. ஆனாலும் பேரேட்டில் புது வரி ஏறியிருக்கிறது.

ஆகவே என் வயதை ஒத்தவர்களுக்கு என் கோரிக்கை இதுதான். ‘கடவுள் துகள்’ என்ற பெயரை விடுங்கள். ஹிக்ஸ் துகள் என்று சொல்லுங்கள், பிரூட்டையும் ஆங்லேரையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. நடராஜரைக் கும்பிடுவோர் கும்பிடுங்கள். ஆனால் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். படம் அனுப்ப வேண்டுமானால் சுதர்சன் படத்தையும் ராஜசேகரன் படத்தையும் அனுப்புங்கள், கீழே அவர்கள் செய்த வேலையை ஒரு வரி எழுதுங்கள். பேரனோ பேத்தியோ ‘உலகம் ஏன் இருக்கிறது தாத்தா?’ என்று கேட்டால், ‘அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை சாமி, நூறு கோடிக்கு ஒன்று வித்தியாசம் நிற்கிறது’ என்று உண்மையைச் சொல்லுங்கள்.

நேராக்குகிற பிள்ளை நம் தெருவிலும் இருக்கலாம். நாம் வழிமறிக்காமல் இருந்தால் போதும்.